தேவாங்கும் மூழ்கிய கண்டமும்

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ தமிழின் தொன்மையைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடக்குமானால், சொற்பொழிவாளர் பேசி முடிப்பதற்குள் லெமூரியா என்ற பெயர் ஒரு முறையேனும் ஒலிக்காமற்போவது அபூர்வம். இந்து மகா சமுத்திரத்தின் அடியில் ஒரு பெருங்கண்டம் கிடக்கிறது என்றும், அதுவே குமரிக் கண்டம் என்றும், ஆதி மனிதன் அங்கேதான் பிறந்தான் என்றும், அவன் பேசியது தமிழே என்றும் அடுக்கிச் சொல்லும்போது சபையில் எழும் கரகோஷம் பேச்சாளரின் குரலையும் அமுக்கிவிடுவதுண்டு. ஆயினும் அக்கண்டத்தை முதன்முதலாகக் கற்பித்தவர் யார், எதன்பொருட்டுக் கற்பித்தார் என்று எவரேனும் எழுந்து கேட்பாரானால், விடை சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். லெமூரியாவைக் கற்பித்தவர் லண்டன் விலங்கியல் சங்கத்தின் காரியதரிசி. அவரை அதற்குத் தூண்டியது, தென்னிந்தியப் புதர்க்காடுகளில் இரவில் மட்டும் நடமாடுகிற, வாலில்லாத, கால் கிலோவை ஒட்டிய எடையுள்ள தேவாங்கும் அதன் உறவினங்களும், கடல் பிரித்த மூன்று பிரதேசங்களில் சிதறிக் கிடக்கின்றனவே என்ற வியப்பு.

நாம் அக்கண்டத்தைப் பற்றிக்கொண்டு பிராணியை மறந்தோம். விஞ்ஞானம் கண்டத்தைக் கைவிட்டுப் பிராணியைப் பற்றிக்கொண்டு, மனிதனையும் உள்ளிட்ட ஒரு பெருங்குடும்பத்தின் வரலாற்றை அதன் துணையோடு எழுதிவருகிறது. அனுமானம் ஒன்று எவ்வாறு பிறக்கிறது, எப்போது அது விடத்தக்கதாகிறது, விடவேண்டிய காலத்தில் விடாதவர்க்கு நேரும் நஷ்டம் யாது என்பவற்றைத் தேவாங்கின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தும் வேறொன்றைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது.

குடும்பத்தின் இலக்கணம்

தொல்காப்பிய மரபியல், குரங்கு, முசு, ஊகம் என்ற மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்னும் ஒரே பெயரை விதிப்பதிலிருந்து, இம்மூன்றும் தம்முள் உறவுடையவை என்ற உணர்வு பண்டைத் தமிழருக்கு இருந்தமை புலனாகிறது. ஆனால் தேவாங்கு அந்த வரிசையில் இடம்பெறவில்லை. இன்றும் அதனைக் குரங்கின் உறவாக எண்ணுவார் இல்லை. மெலிந்தவனையும் மிரள விழிப்பவனையும் பரிகசிக்கவே அதன் பெயர் பயன்படுகிறது. 1758-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ், தம் பெரும் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில், மனிதன், குரங்கு, லெமூர், வௌவால் ஆகிய நான்கையும் பிரைமேட் என்ற ஒரே வரிசையில் அடக்கியபோது, லெமூர்த் தொகுதியில் இலங்கைத் தேவாங்கையும் சேர்த்துக்கொண்டார். வௌவால் பின்னர் அவ்வரிசையினின்றும் நீக்கப்பட்டது. தேவாங்கு நீங்காமல் நிலைத்தது. முதனிகள் என்று இன்று தமிழில் வழங்கும் அந்த வரிசையில் இப்போது 500-க்கும் மேற்பட்ட இனங்கள் எண்ணப்படுகின்றன.

முதனியின் இலக்கணம் எது? எந்த ஓர் அங்கமும் தனித்து அவ்விலக்கணமாவதில்லை. பல லட்சணங்கள் ஒருங்கு கூடுவதே முதனித் தன்மை. மரக்கிளையைச் சுற்றிப் பற்றவல்ல கையும் காலும். பெரும்பாலான விரல்களில் கூருகிருக்குப் பதிலாகத் தட்டையான நகம். பக்கவாட்டில் நோக்காமல் முன்னோக்கி அமைந்து, இரண்டு பார்வைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தூரத்தை அளக்கவல்ல கண்கள். அக்கண்களின் புறத்தே ஓர் எலும்பு வளையம். உடலளவை நோக்கப் பெரிய மூளை. மெதுவாக வளர்ந்து, அரிதாக ஈன்று, நெடுங்காலம் வாழும் ஜீவிய முறை ஆகியவை அவற்றுள் தலையாயவை.

இவற்றுள் கடைசியாகச் சொன்னது பலர் கவனத்துக்கு வருவதில்லை. வீட்டெலியும் தேவாங்கும் எடையில் ஏறத்தாழ ஒத்தவை. எலி மூன்று வாரங்களில் குட்டி போடும். ஓர் ஈற்றில் எட்டு, பத்து என்று பெருக்கும். தேவாங்கோ ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனும். உருவத்தில் எலியை ஒத்த பிராணி, காலக்கணக்கில் மனிதனை நோக்கி நிற்கிறது என்பதே அதன் குலம் எது என்பதற்குச் சிறந்த சான்று.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் காடுகளில் இரவில் தேவாங்கைத் தேடிச் செல்வோர், நெற்றியில் சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணின் மினுமினுப்பைக் கொண்டே அதனைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் விழித்திரைக்குப் பின்னுள்ள ஒரு படலம், உள்ளே புகுந்த ஒளியை மீளப் பிரதிபலிப்பதால், முள்மரத்தின் கரிய கிளைகளுக்கிடையே செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு புள்ளிகள் எரிகின்றன. அருகே சென்று பார்த்தால் மிக மெலிந்த நான்கு கைகால்கள். அவற்றால் அது கிளையைப் பிடித்திருக்கும் விதத்திலேயே இவ்வினத்தின் விசேஷம் அடங்கியிருக்கிறது. சுட்டுவிரல் குறுகிச் சிறுத்துப்போக, கட்டைவிரல் மற்ற விரல்களினின்றும் வெகுவாக விலகி எதிர்ப்புறம் நிற்பதால், கை முழுவதும் ஓர் இடுக்கியாகிவிடுகிறது. கைகால்களின் இரத்தக் குழாய்கள் நுண்ணிய கற்றைகளாகப் பிரிந்து ஓடுவதால், ஒரே பிடியில் நெடுநேரம் அசையாமல் இருந்தும் அது களைப்பதில்லை. அப்படி உறைந்திருந்து, எறும்பையோ வண்டையோ முகர்ந்தறிந்து, திடீரெனக் கை நீட்டிப் பற்றுகிறது. விரல்களிலெல்லாம் நகமிருக்க, காலின் இரண்டாம் விரலில் மட்டும் ஒரு கூருகிர் எஞ்சியிருக்கிறது. அது ரோமத்தைக் கோதிக்கொள்வதற்கு. கீழ்த்தாடையின் முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து வரிசையாக நின்று அதே பணிக்கு உதவுகின்றன.

இரு கிளைகள்

கிண்டிக் காட்டையும் அதை ஒட்டி 1959-இல் எழுந்த இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தையும் வாசஸ்தலமாகக் கொண்ட நாட்டுக் குரங்கு, நகரவாசிகளுக்கு நன்கு பழக்கமானது. உச்சியில் வகிடெடுத்துக் குல்லாய் கவிழ்த்தாற்போன்ற தலைமயிரோடு, கோடை நாட்களில் அது கோட்டூர்புரத்து மாடிகளுக்கு வந்து, காயப்போட்ட வடகத்தைக் கன்னப் பைகளில் அடைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து சாவகாசமாக ஒவ்வொன்றாய் வெளியே தள்ளி மெல்லும் காட்சியைக் காணாதவர் குறைவு. தேவாங்கும் இந்தக் குரங்கும் முதனிகளின் இரு பெருங்கிளைகளுக்குப் பிரதிநிதிகள்.

ஈரமூக்கும், பெரும்பாலும் இரவு வாழ்க்கையும், மோப்பத்தின் மேன்மையும் உடைய பழங்கிளையைச் சேர்ந்தவை மடகாஸ்கரின் லெமூர்களும், ஆப்பிரிக்காவின் கலாகோக்களும், ஆசியத் தேவாங்குகளும். உலர்மூக்கும் பகல் வாழ்க்கையும் பார்வையின் மேன்மையும் பெரும்பாலும் உடைய மற்றக் கிளையில் குரங்குகளும் வாலில்லாக் குரங்குகளும் மனிதனும் அடங்குவர். தேவாங்கின் விழித்திரை அரையிருளுக்கு ஏற்பப் பண்பட்டிருப்பதால் நிறங்களைப் பிரித்தறிவதில்லை. நாட்டுக் குரங்குக்கும் நமக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே உணரும் மூவகை நரம்பணுக்கள் உண்டு. பச்சை இலைகளுக்கிடையே பழுத்த கனியையும் இளந்தளிரையும் கண்டறிவதற்கு இந்தச் சக்தி உதவியிருக்கவேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். அதே சக்தி இன்று பூக்கடையில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் வித்தியாசம் சொல்கிறது. பற்களை எண்ணினாலும் பிரிவு தெரியும்: தேவாங்குக்கு 36, நாட்டுக் குரங்குக்கும் நமக்கும் 32.

இன்னொரு வேற்றுமை உடலின் ரசாயனத்தில் மறைந்திருக்கிறது. வைட்டமின் சி என்ற சத்தைத் தேவாங்கு தன் உடலிலேயே உற்பத்தி செய்துகொள்ளும். உலர்மூக்கிகளோ அதனை ஆக்கும் மரபணு சிதைந்துபோன வம்சத்தவர். கனிகள் மலிந்த காட்டில் அச்சத்து உணவிலேயே கிடைத்துவந்தபடியால், என்றோ ஒரு மூதாதைக்கு நேர்ந்த அச்சிதைவு கேடாகப் படாமல் சந்ததியெங்கும் பரவிற்று. நெல்லிக்கனியும் எலுமிச்சையும் நமக்கு இன்றியமையாதனவாக இருப்பதற்கும், நெடுங்கடல் யாத்திரை செய்த பழைய மாலுமிகள் ஸ்கர்வி நோயால் மாண்டதற்கும் காரணம் அந்த மூதாதையே. குரங்கிடமும் நம்மிடமும் ஒரே மரபணு சிதைந்து கிடப்பது, ஒரே மூதாதையின் சொத்தை இருவரும் சுவீகரித்ததற்குப் பத்திரம்போல் அமைகிறது. குரங்கு மனிதனாக மாறிற்று என்று பாமரர் சொல்வதும், அப்படியானால் கிண்டிக் குரங்கு இன்னும் ஏன் மாறவில்லை என்று படித்தவர்களே வினவுவதும், உறவின் முறையை அறியாமல் எழுவன. அந்தக் குரங்கு நமக்குப் பாட்டனுமன்று, தகப்பனுமன்று. ஒரே பாகத்திலிருந்து பிரிந்துபோன பங்காளி.

ஸ்கிளேட்டரின் அனுமானம்

லெமூர்கள் மடகாஸ்கரில் நிறைந்திருக்கின்றன. அவற்றின் உறவினங்கள் எதிர்க்கரையான ஆப்பிரிக்காவில் சிலவே. சமுத்திரத்துக்கு இப்பால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அதற்குக் கீழைத் தேசங்களிலும் தேவாங்குகளாக மீண்டும் சில. கடலைக் கடக்கவியலாத இச்சிறு பிராணிகள் இவ்வாறு பரந்தது எப்படி? 1864-இல் லண்டனில் வெளிவந்த ஒரு விஞ்ஞான சஞ்சிகையில், மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதிய பிலிப் லட்லி ஸ்கிளேட்டர், இவ்வினங்கள் தோன்றிப் பரவிய பெருநிலம் ஒன்று இந்து மகா சமுத்திரத்தில் இருந்து மறைந்திருக்கவேண்டும் என்று கருதி, அதற்கு லெமூரியா என்று நாமகரணம் செய்தார். கண்டங்கள் நகர்வதில்லை, எழும், அமிழும் என்பதே அக்காலத்து நிலவியற் கொள்கையாகையால், அவ்வனுமானம் அன்றைய அறிவுக்கு முற்றிலும் பொருத்தமானதே. திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கிரெட்டேஷியஸ் காலப் பாறைகளை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, தாவரப் படிமங்களின் ஒற்றுமையைக் கொண்டு, இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த ஒரு நிலத்தை 1875-இல் நிலவியல் வழியாகவும் நாட்ட முற்பட்டார்.

ஜெர்மானியப் பேரறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல், 1868-இல் வெளியிட்ட சிருஷ்டி வரலாற்று நூலில், மனிதனே அந்தக் கண்டத்தில்தான் தோன்றியிருக்கக்கூடும் என்று ஒரு படி மேலே சென்றார். தேவாங்கின் நிமித்தம் எழுந்த கண்டம் இவ்வாறு மனிதனின் தொட்டிலாயிற்று. ஹெக்கெலின் கருத்து, சார்லஸ் மக்லீன் தொகுத்து 1885-இல் வெளிவந்த சென்னை மாகாண நிர்வாகக் கையேட்டில் திராவிடரின் பூர்விகத்தோடு சேர்த்துப் பேசப்பட்டதால், சர்க்கார் நூலின் அந்தஸ்தோடு சென்னைப் பட்டணத்துப் படிப்பாளிகளின் கையில் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் அடையாற்றின் தென்கரையிலும் லெமூரியா வேறொரு வடிவத்தில் குடிபுகுந்தது. 1882 டிசம்பரில் பிரம்மஞான சபை தன் தலைமை நிலையத்தை அங்கே அமைத்துக்கொண்டது. சபையின் ஸ்தாபகர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட ரகசிய உபதேச நூலில், லெமூரியர் மனித குலத்தின் மூன்றாம் மூல இனத்தவராகக் காட்சியளிக்கின்றனர். பரிணாமவாதிகள் கூறுவதைத் தலைகீழாக்கி, வாலில்லாக் குரங்குகள் மனிதரிடமிருந்து இழிந்து பிறந்தவை என்றும் அம்மையார் போதித்தார். அச்சபையைச் சேர்ந்த ஸ்காட் எலியட் 1904-இல் அக்கண்டத்துக்குப் படங்களும் வரைந்து வெளியிட்டார். விலங்கியலர் ஓர் இடர்ப்பாட்டைத் தீர்க்கத் தற்காலிகமாக முன்வைத்தது, நாற்பது ஆண்டுகளுக்குள் ஞானதிருஷ்டியால் காணப்பட்டதாகிவிட்டது.

தமிழறிஞர்கள் இதனை வரவேற்றதற்கு வேறு காரணங்கள் இருந்தன. இறையனார் களவியல் உரை, தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கொண்ட செய்தியைச் சொல்கிறது. சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைக் குறிக்கிறது; அதற்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார், மறைந்த நாடுகள் நாற்பத்தொன்பது என்று கணக்கிடுகிறார். 1892-இல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அவ்வுரையோடு பதிப்பித்தபின், பழைய நூற்செய்தியும் புதிய மேனாட்டுக் கொள்கையும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பதாகப் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. நல்லசாமிப் பிள்ளை 1898-இல் சித்தாந்த தீபிகை என்ற சஞ்சிகையில் இதனைத் தொட்டு எழுதினார். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் சூரியநாராயண சாஸ்திரியார் 1903-இல் தம் தமிழ்மொழி வரலாற்றில் குமரிநாட்டைப் பேசினார். 1981-இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் இப்பொருள் பற்றி அரசின் ஆதரவோடு ஒரு படமே திரையிடப்பட்டது. ஆனால் நெடுநாட்களுக்கு முன்பே, ஸ்கிளேட்டரின் காலத்தவரான வாலஸ் 1880-இலேயே அக்கண்டம் வேண்டாதது என்று எழுதியிருந்தார். புதிய அபிப்பிராயங்கள் கடல் கடந்து வந்த வேகத்தில் அவற்றின் மறுப்புகள் வந்து சேர்வதில்லை என்பது நம் அறிவுலகத்தின் பழைய குறை.

நிலம் நகர்ந்தது, பிராணி பின்னர் வந்தது

1912-இல் வெகனர் முன்மொழிந்து, 1960-களில் கடலடி ஆராய்ச்சியால் நிலைபெற்ற கண்ட நகர்வுக் கொள்கை, இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இணைந்திருந்தன என்பதை உறுதிப்படுத்தியது. இதனைக் கேட்டதும் லெமூரியாவே உண்மையாயிற்று என்று சிலர் மகிழ்கின்றனர். அவர்கள் ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. இந்தியா மடகாஸ்கரைப் பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்; ஐயத்துக்கிடமில்லாத முதனிகளின் படிமங்களோ சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு மேற்படுவதில்லை. தேவாங்கின் குலம் உலகில் தலைகாட்டியபோது அந்த நிலங்களுக்கிடையே ஆழ்ந்த சமுத்திரம் கிடந்தது. மேலும், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கண்டம் ஏதும் அங்கே தேவையில்லை. பிரிந்த நிலங்கள் அமிழாமல் விலகிச் சென்றன, அவ்வளவே.

அப்படியானால் ஸ்கிளேட்டரின் வினாவுக்கு விடை என்ன? லெமூர்களின் முன்னோர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரத்திட்டுகளைத் தெப்பமாகக் கொண்டு, சுமார் 400 கிலோமீட்டர் அகலமுள்ள மொசாம்பிக் கால்வாயைக் கடந்தன என்பதே இன்று பெரும்பாலார் கொள்ளும் முடிவு. அத்தொல்காலத்தில் அங்கே நீரோட்டங்கள் இப்போதுபோலன்றி மடகாஸ்கரை நோக்கி ஓடியிருக்கும் என்று 2010-இல் வெளிவந்த கணக்கீடு இதற்குத் துணைநிற்கிறது. தேவாங்கின் கிளைக்கு மிகப் பழைய சான்றுகள் எகிப்தின் ஃபாயூம் பாலைவனத்தில், சுமார் 3.7 கோடி ஆண்டுக்கு முற்பட்ட படிவுகளில் கிடைத்துள்ளன. ஆசியாவிலோ, பாகிஸ்தானத்துச் சிவாலிக் குன்றுகளில் 80, 90 லட்சம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு தேவாங்கினத்தின் எலும்புகளை லூயி ஜேக்கப்ஸ் 1981-இல் விவரித்தார். வந்த காலத்தைப் பற்றி விவாதம் உண்டு. வந்த வழி கடலடிக் கண்டமன்று, ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் இணைத்த வடபுலத்துத் தரைவழியே என்பதில் விவாதமில்லை. தெற்கே தேடிய தேவாங்கின் பூர்விகம் வடமேற்கில் கிடைத்தது.

இந்தியா இக்கதையில் வெறும் வழிப்போக்கர் சத்திரமாக மட்டும் இருக்கவில்லை. குஜராத்தில் சூரத்துக்கு அண்மையிலுள்ள வஸ்தன் நிலக்கரிச் சுரங்கத்தில், சுமார் 5.45 கோடி ஆண்டுப் பழமையுள்ள படிவுகளிலிருந்து, உலகிலேயே மிகத் தொன்மையான முதனிகளுள் சிலவற்றின் பற்களும் தாடைகளும் கைகால் எலும்புகளும் எடுக்கப்பட்டுள்ளன. ஈரமூக்கிகளின் உறவும் உலர்மூக்கிகளின் உறவும் அங்கே அருகருகே கிடக்கின்றன. எலும்புகள் ஒன்றையொன்று அவ்வளவு ஒத்திருப்பதால், இரு கிளைகளும் பிரிந்து வெகுகாலம் ஆகாத ஒரு நிலையை அவை காட்டுகின்றன எனலாம். ஜம்முவின் ராம்நகரில் கிடைத்த ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைக் கொண்டு 2020-இல் விவரிக்கப்பட்ட, கபி என்ற சம்ஸ்கிருதப் பெயர் சூட்டப்பெற்ற பிராணி, சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிப்பனின் முன்னோர் என்று மதிக்கப்படுகிறது.

ராமபிதிக்கஸ் கற்பித்த பாடம்

லெமூரியாவைப் போலவே மனிதனின் பிறப்பிடத்தை இந்தியாவுக்கு அளித்து, பின்னர் மீட்டுக்கொண்ட மற்றோர் அனுமானமும் உண்டு. இமாசலத்து ஹரிதல்யாங்கரில் 1932-இல் யேல் பல்கலைக்கழகத்து எட்வர்டு லூயிஸ் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்து, ராமபிதிக்கஸ் என்று பெயரிட்டு, மனித வம்சத்தின் சாயல் அதில் தெரிவதாக எழுதினார். 1960-களில் அதுவே மனிதனின் முதல் முன்னோன் என்று பாடப் புத்தகங்களில் ஏறிவிட்டது. 1967-இல் சாரிச், வில்சன் ஆகிய இருவர் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுகளே ஆயின என்று கணித்தபோது, ஒரு கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட ராமபிதிக்கஸ் மனித முன்னோனாக இருக்க இயலாது என்று ஏற்பட்டது. படிம ஆராய்ச்சியாளர் பலர் முதலில் இதனை ஏற்கவில்லை. பாகிஸ்தானத்தில் கிடைத்த சிவபிதிக்கஸ் என்னும் வாலில்லாக் குரங்குப் படிமத்தின் முகத்தை, அதுவரை ராமபிதிக்கஸை ஆதரித்தவர்களுள் முதன்மையான டேவிட் பில்பீம் 1982-இல் விவரித்து, அது ஒராங்குட்டானின் முகத்தை ஒத்தது என்பதைக் காட்டியபின் விவாதம் அடங்கிற்று. சிவபிதிக்கஸின் சிறிய உருவங்களே ராமபிதிக்கஸ் என்று இன்று கொள்ளப்படுகிறது.

தம் கையால் வளர்த்த கொள்கையைத் தம் கையாலேயே ஒருவர் கைவிட்டதில் இழிவேதும் நேரவில்லை. ஆசியாவின் வாலில்லாக் குரங்குகளைப் பற்றிய அறிவு அதனால் பெருகிற்று. அனுமானத்தின் மதிப்பு அது நிலைப்பதில் இல்லை. எந்தச் சான்று வந்தால் அது வீழும் என்பதை அது தானே முன்கூட்டிச் சொல்லிவிடுவதில் இருக்கிறது. லெமூரியா விலங்கியலாக இருந்தவரை அந்த மதிப்பு அதற்கு இருந்தது. எந்தச் சான்றாலும் வீழாத நம்பிக்கையாக மாறியபின் அது இழந்தது அந்த மதிப்பையே.

உண்மையில் மூழ்கிய நிலம்

இனி, கடல்கோள் பற்றிய பழைய நூற்செய்திகள் எல்லாம் பொய் என்று தள்ளிவிடலாமோ எனின், அதுவும் அவசரமே. தமிழ்நாட்டுக்கு அருகே மூழ்கிய நிலம் ஒன்று மெய்யாகவே உண்டு. அதற்குச் சாட்சி சொல்பவையும் முதனிகளே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்நீரில் ஒரு பங்கு பெரும் பனிப்பாளங்களாக உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் குடாவின் சராசரி ஆழமோ 10 மீட்டரை ஒட்டியதே. ஆகவே இராமநாதபுரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அன்று இருந்தது காடும் வெளியும். பனியூழிகள் மாறிமாறி வந்தபோதெல்லாம் இந்தத் தரை தோன்றியும் மறைந்தும் இருந்திருக்கிறது.

இரு கரைகளின் பிராணிகளையும் ஒப்பிட்டால் அத்தரையின் சரித்திரம் தெரியும். தமிழ்நாட்டின் வறண்ட காட்டில் வாழும் சாம்பல் தேவாங்கு இலங்கையின் வடபகுதியிலும் வாழ்கிறது. சாம்பல் மந்தியும் அவ்வாறே இரு கரைக்கும் உரியது. இலங்கையின் செங்குரங்கு நம் நாட்டுக் குரங்குக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் வேறினம் என்று பிரிக்கத்தக்க அளவு விலகிவிட்டது. தென்மேற்கு இலங்கையின் ஈரக்காட்டில் மட்டுமுள்ள செந்தேவாங்கு அதனினும் தனித்துப்போன ஒன்று. சில முன்னர்ப் பிரிந்தன, சில அண்மையிற் பிரிந்தன என்ற இந்த வேறுபாடு, தரை பலமுறை தோன்றி மறைந்ததோடு இயைகிறது. பெருங்கண்டமொன்றைத் தேவாங்கு மறுத்தது. சிறு நிலமொன்றை அதே தேவாங்கு தந்தது. கடல் ஏறிவந்து கரைவாழ்வை விழுங்கிய நினைவு புலவர் வாக்கில் எஞ்சியிருக்கக்கூடுமா என்ற கேள்வியை, கோடி ஆண்டுகளை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் அளவில் கேட்பதே முறை.

மனிதனின் தொன்மையைத் தமிழ் மண்ணில் காண விரும்புவோருக்கும் மெய்யான பொருள் குறைவில்லை. 1863 மே மாதத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவியோடு இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி தொடங்கிற்று. அவர் சேகரித்த கருவிகள் 1904 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1863-இலேயே அவர் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு முதலானோர் செய்த அகழ்வின் பயனாக, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011-இல் வெளியாயிற்று. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, முதனிகளின் வேறொரு மனித உருவம் கொற்றலையாற்றுக் கரையில் கல்லைச் செதுக்கியிருக்கிறது. அவன் பேசிய மொழி எது என்று அக்கல் சொல்லாது. அவன் கை எப்படிப்பட்டது என்று சொல்லும். கட்டைவிரல் எதிர்நின்று பற்றும் அந்தக் கையின் மூலவடிவத்தைத் தேவாங்கு இன்னும் முள்மரக் கிளையில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது.

சாம்பல் தேவாங்கை ஸ்பானிய விலங்கியலர் கப்ரேரா 1908-இல் தனியே விவரித்தபோது, அதன் மூல இடமாகக் குறிக்கப்பட்டது மதராஸ். இன்று சென்னைவாசி அதனைக் காணவேண்டுமானால் நெடுந்தூரம் பிரயாணம் செய்யவேண்டும். அதன் கண் மருந்தாகும், அதன் உடல் மந்திரத்துக்காகும் என்ற மூடநம்பிக்கைகளும், வேலியும் புதரும் மரவரிசையும் அழிந்து, கிளைவழி அற்று, தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கவேண்டிய நிலையும் அதனை வருத்தியுள்ளன. 2022 அக்டோபரில் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இப்பிராணிக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுவே. எல்லைக்கல் நட்டதோடு வேலை முடிவதில்லை. காட்டுக்கு வெளியேயுள்ள விவசாய நிலங்களின் வரப்போர மரங்களும் முள்வேலிகளும் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்தால்தான், கிளைவிட்டுக் கிளை கைமாறிச் செல்லும் இப்பிராணிக்கு உணவும் துணையும் கிடைக்கும். அவ்வேலியை வெட்டாமல் விடும்படி விவசாயியை இணங்கச் செய்வதும், இணங்குபவருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்வதுமே இனி ஆகவேண்டிய காரியம். தொன்மையின்பால் தமிழர் கொண்ட பக்தி மிகப் பெரியது. அதில் ஒரு பங்கேனும், சோதனைக்கு உட்பட்டு நின்ற சான்றுகளின்பாலும், அச்சான்றைத் தன் உடலிலேயே சுமக்கும் உயிரின்பாலும் திரும்புமானால், அப்பக்தி அறிவாகவும் பயன்படும்.